அமெரிக்க பிபிஎல்லை (தனியார் பைலட் லைசென்ஸ்) இந்திய லைசென்ஸாக மாற்றும்போது சிக்கும் இடங்கள்

காட்பாடியிலிருந்து:
டிஜிசிஏவுக்கு (இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விண்ணப்பிக்கும் முன், பறந்த நேரத்தை எழுதும் லாக்புக்கை வரிவரியாகக் கூட்டிப் பாருங்க. அமெரிக்காவில் நேரத்தைத் தசமத்தில் எழுதுவாங்க. 0.1 என்றால் 6 நிமிடம், 1.3 என்பது 1 மணி 18 நிமிடம். அதை 1:30 என்று மாற்றி எழுதினவங்களுக்கு மொத்தக் கணக்கே உதைக்கும்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு. அங்கே பிபிஎல் வாங்கின பிறகு, பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் இருந்தாலும் ஓட்டினது நீங்க என்றால், அதே ஒரு மணி நேரத்தை டூயல் (இன்ஸ்ட்ரக்டரோடு பறந்தது), பிஐசி (பொறுப்பு பைலட்டாகப் பறந்தது) இரண்டு பத்தியிலும் ஏற்றலாம். இங்கே அது டூயல் மட்டும்தான். இந்திய பிபிஎல்லுக்கு மொத்தம் 40 மணி, அதில் சோலோ (தனியாகப் பறந்தது) 20, சோலோ கிராஸ் கன்ட்ரி (தனியாக வேறு ஊருக்குப் பறந்தது) 5. அமெரிக்காவிலோ சோலோ 10 மணியே போதும். அரசு ஒப்புதல் பெற்ற பாடத்திட்டம் உள்ள பார்ட் 141 பள்ளியில் மொத்தமே 35 மணியில் முடியும். லைசென்ஸ் கையில் வந்ததுமே ஊருக்கு டிக்கெட் போடாதீங்க. குறையும் சோலோ மணியை அங்கேயே பறந்து நிரப்பிட்டு வாங்க.

ராணிப்பேட்டையிலிருந்து:
அண்ணன் சொன்னதோடு பெயரையும் சேர்த்துக்குங்க. பத்தாவது மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம், அமெரிக்க லைசென்ஸில் இன்னொரு வரிசை. நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது சாதாரணம். லைசென்ஸ் உண்மைதான் என்று ஓக்லஹோமா சிட்டியிலிருந்து எஃப்ஏஏ (அமெரிக்க விமானத் துறை) கடிதம் வரணும். அதில் லைசென்ஸில் உள்ள பெயர்தான் இருக்கும். அதனால் முதலில் பெயரைத் திருத்துங்க, பிறகு கடிதம் கேளுங்க.

அமெரிக்க மெடிக்கல் சான்று இங்கே செல்லாது. டிஜிசிஏ பட்டியலில் உள்ள டாக்டரிடம் கிளாஸ் 2 மெடிக்கல் எடுக்கணும். டிஜிசிஏவின் ஏர் ரெகுலேஷன் (விமான விதிகள்) தேர்வில் 70 சதவீதம் வேணும்.

அரக்கோணத்திலிருந்து:
படிக்கும்போதே இரண்டு பழக்கத்தை மாத்திக்குங்க தம்பி. அங்கே மாதிரி கிளம்பினோம், பறந்தோம் என்று இங்கே முடியாது. கிராஸ் கன்ட்ரிக்கு ஃப்ளைட் பிளான் போட்டு, ஏடிசி எண், எஃப்ஐசி (விமானத் தகவல் மையம்) எண் இரண்டும் வாங்கணும். இங்கே ஏடிசி என்றால் வான் பாதுகாப்பு அனுமதி. கன்ட்ரோல் டவரைச் சொல்லலை. பக்கத்திலேயே ஐஎன்எஸ் ராஜாளி கடற்படைத் தளம் இருக்கு என்பதை மறக்காதீங்க.

இரண்டாவது, காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் ஆல்டிமீட்டர். அந்த அழுத்தத்தை அங்கே அங்குலத்தில் சொல்வாங்க, இங்கே ஹெக்டோபாஸ்கலில். 29.92 அங்குலம் என்பது 1013. வங்கக்கடலில் புயல் நிற்கும்போது "992" என்று காதில் விழுந்தால், பழக்கத்தில் கை 29.92 வைக்கும். வித்தியாசம் 21 ஹெக்டோபாஸ்கல். மீட்டர் காட்டுவதைவிட சுமார் 600 அடி கீழே பறப்பீங்க. ஜவ்வாது மலைப் பக்கம் அது போதும், மோத. எண்ணைத் திருப்பிச் சொல்லும்போது "ஹெக்டோபாஸ்கல்" என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்க.