ஜாஸ் பேஸ்: நெக் 66, பாடி எந்த ஆண்டு?

நெக்கை (கழுத்துப் பகுதி) பாடியோடு நாலு ஸ்க்ரூவில் பொருத்திய ஃபெண்டர் ஜாஸ் பேஸ் கிட்டார் ஒன்று. நெக்கைக் கழற்றினால் அடியில் மார்ச் 1966 முத்திரை, கடைசி எழுத்து ஏ; அது நெக் அகலத்தின் குறி. நட் (நெக்கின் மேல்முனையில் தந்திகள் பதியும் துண்டு) அகலம் 38 மி.மீ., அதுவும் பொருந்துகிறது. நெக்கின் விளிம்பில் பைண்டிங் (ஓரப்பட்டை) உண்டு, ஆனால் இடக்குறிகள் செவ்வக பிளாக் இல்லை, புள்ளிகள்தான். 66 தொடக்கத்துக்கு இது சரியே.

பாட் (ஒலி, தொனியைக் கூட்டிக் குறைக்கும் திருகியின் பாகம்) எண் 1376612: சிடிஎஸ் நிறுவனத் தயாரிப்பு, 66இன் 12ஆவது வாரம். இதை மட்டும் நம்பி ஆண்டு சொல்லாதீர்கள். அந்த ஆண்டு மொத்தமாக வாங்கிய பாட்களை ஃபெண்டர் 60களின் கடைசி வரை போட்டுத் தீர்த்தது. நெக் ஸ்க்ரூக்களுக்கு அடியிலுள்ள உலோக பிளேட்டில் பெரிய 'எஃப்', ஆனால் அது 70களிலும் தொடர்ந்ததால் உதவாது.

இடிப்பது பாடி. இரண்டு பிக்கப்களின் (தந்தி அதிர்வை மின்குறியாக்கும் காந்தப் பாகங்கள்) காந்தத் துருவ வரிசைகளுக்கு நடுவே 102 மி.மீ. இருக்கிறது. 60களில் இது சுமார் 91 மி.மீ.; 70களில்தான் பிரிட்ஜ் (பாடியில் தந்திகளைத் தாங்கும் பாகம்) பக்கத்துப் பிக்கப் பின்னால் போனது. பிக்கப்பைத் தூக்கிப் பார்த்தால் குழியின் முன்பக்கத்தில் ஒட்டுமரம் இல்லை, பெயின்ட் உடையவில்லை. பின்னால் யாரோ குடைந்த வேலையாகத் தெரியவில்லை.

அப்படியானால் நெக்கை மூன்று ஸ்க்ரூவில் பொருத்தும் முறை வருவதற்கு முந்தைய 70களின் பாடியில் 66 நெக்கா? 71 முதல் 74 வரையிலான அசல் பாடி வைத்திருப்பவர்கள், பிரிட்ஜின் முன் விளிம்பிலிருந்து பின் பிக்கப் குழி வரை எத்தனை மி.மீ. என்று அளந்து சொல்லுங்கள். நெக் பாக்கெட் (பாடியில் நெக் உட்காரும் குழி) படமும் கிடைத்தால் நல்லது.