காரணம் பிடிபடாத நோய்: எல்லாப் பரிசோதனைகளையும் முதலிலேயே செய்துவிடலாமா?

மாறன்:
மாதக்கணக்கில் சோர்வு, எடைக் குறைவு, விட்டுவிட்டு வரும் காய்ச்சல் என ஒன்றோடொன்று பொருந்தாத தொல்லைகளுடன் வருபவர்களுக்கு, ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு பரிசோதனைகளை மட்டும் எழுதிக்கொடுத்து அனுப்பும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. இதய வால்வில் கிருமித் தொற்று இருந்தால், நாம் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் வால்வு சிதைந்துகொண்டே போகும். 50 வயதைக் கடந்தவருக்குப் புதிதாக வரும் தலைவலிக்கு நெற்றிப்பொட்டுத் தமனி அழற்சி காரணமாக இருந்து, அது கவனிக்கப்படாமல் போனால் பார்வையே பறிபோகலாம். எனவே முழு ரத்தப் பரிசோதனைத் தொகுப்பையும் உடல் முழுவதற்குமான சிடி ஸ்கேனையும் முதல் வாரத்திலேயே செய்துவிட வேண்டும் என்கிறேன்.

இளவேனில்:
பொது மருத்துவத்தில் பணிபுரிபவள் என்ற முறையில் இதை மறுக்கிறேன். ஒரு பரிசோதனையின் இயல்பு வரம்பு, நலமாக உள்ளவர்களில் 95 விழுக்காட்டினர் அடங்கும்படி வகுக்கப்படுவதே வழக்கம். ஆகவே, ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளை எந்த நோயும் இல்லாத ஒருவருக்குச் செய்தாலும், ஒன்றாவது வரம்பு மீறி வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. உடலின் சொந்த அணுக்கருக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களைத் தேடும் ஏஎன்ஏ பரிசோதனை, 1:80 அளவில் (ரத்தச் சீரத்தை 80 மடங்கு நீர்த்த நிலையில்) நலமானவர்களிலேயே நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் நேர்மறையாக வருகிறது. மூட்டுவலியோ தோல் தடிப்போ இல்லாத ஒருவர் அந்த ஒற்றைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோய் வந்துவிட்டதோ என்ற அச்சத்தில் மாதக்கணக்கில் உறக்கமிழப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சொன்ன தலைவலியையே எடுத்துக்கொள்வோம். மெல்லும்போது தாடை வலிக்கிறதா, தலைவாரும்போது உச்சந்தலை நோகிறதா என்ற இரண்டு கேள்விகள் வழியைத் திறந்துவிடும். ஐயம் வலுத்தால் அன்றே அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்து, பயாப்சி (திசுத் துண்டுச் சோதனை) முடிவுக்குக் காத்திராமல் ஸ்டீராய்டைத் தொடங்க வேண்டும். அந்த அவசரத்தை நான் மறுக்கவில்லை. 1975இல் பிரிட்டன் மருத்துவர் ஹாம்ப்டனும் உடன்பணியாற்றியோரும் வெளியிட்ட ஆய்வில், 80 புறநோயாளிகளில் 66 பேருக்கு நோய் விவரத்தைக் கேட்டறிந்த கட்டத்திலேயே சரியான முடிவு கிடைத்துவிட்டது.

மாறன்:
அந்த 80 பேர் வழக்கமான புறநோயாளிகள், அம்மா. நாம் பேசுவதோ, கேட்டும் தொட்டும் பார்த்த பிறகும் விடை கிடைக்காதவர்களைப் பற்றி. அமெரிக்க மருத்துவர்கள் பீட்டர்ஸ்டார்ஃபும் பீசனும் 1961இல் காரணம் அறியப்படாத காய்ச்சலை வரையறுத்தபோது, 38.3 பாகை செல்சியஸைப் பலமுறை தாண்டி, மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்து, ஒரு வாரம் மருத்துவமனையில் வைத்து ஆராய்ந்தும் விளங்காத காய்ச்சல் என்றே சொன்னார்கள். அத்தகையவர்களில் சிலருக்குப் பெருந்தமனியில் உள்ள அழற்சியை, செல்கள் மிகுதியாக இயங்கும் இடங்களைப் படம்பிடிக்கும் பெட் ஸ்கேன் காட்டிக்கொடுக்கிறது. அதை எந்தக் கையும் தொட்டு உணர முடியாது.

இளவேனில்:
விவரம் கேட்டும் விடை கிடைக்கவில்லை என்று சொல்லப்படுபவர்களில் பலரிடம், விவரம் முழுமையாகக் கேட்கப்படவே இல்லை என்பதுதான் என் அனுபவம். நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் சோர்வு, பசியின்மை, எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் ஆகியவற்றுடன் வந்தார். எண்டோஸ்கோப்பியும் சிடி ஸ்கேனும் முன்பே எடுக்கப்பட்டு இயல்பாக இருந்ததால், மனச்சோர்வு என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். உப்பைத் தனியாக அள்ளித் தின்னத் தோன்றுகிறது என்று அவரே சொன்னார். அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. உள்ளங்கை ரேகைகள் கறுத்திருந்தன, சமீபத்தில் ஏற்பட்ட தழும்பு ஒன்றும் கறுத்திருந்தது, ஆனால் பழைய தழும்பு வெளிறியே இருந்தது. அட்ரீனல் சுரப்பி சுரக்கும் கார்டிசால் ஹார்மோனின் காலை நேர அளவு மிகக் குறைவாக இருந்தது. அது, அட்ரீனல் சுரப்பிகள் போதிய ஹார்மோன்களைச் சுரக்காத அடிசன் நோய். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் எடுத்த ஸ்கேன் அங்கே எதையும் சொல்லவில்லை.

கயல்:
நோயாளியின் வீட்டுப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா? என் தந்தையாரை நான்கு துறை மருத்துவர்கள் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் தத்தம் உறுப்பில் குறையில்லை என்றே சொன்னார்கள். எந்தத் தொல்லை எப்போது தொடங்கியது, எந்த மாத்திரைக்குப் பின் வந்தது என்று நாங்களே தேதிவாரியாக எழுதிக்கொண்டு போன பிறகுதான், மருந்தினால் வந்த காய்ச்சல் அது என்பது ஒரு மருத்துவருக்குப் புலப்பட்டது. அந்த மாத்திரையை நிறுத்திய சில நாள்களில் காய்ச்சல் விட்டது.

இளவேனில்:
நீங்கள் எழுதிய அந்தத் தாளைப் போன்ற ஒன்றைத்தான் நான் ஒவ்வொரு நோயாளியிடமும் கேட்கிறேன், கயல். எல்லாத் துறை அறிக்கைகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பொறுப்பை ஒரே மருத்துவர் ஏற்க வேண்டும்.

மாறன்:
ஏஎன்ஏவை எல்லோருக்கும் எழுதக் கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் அடிசன் நோயை வைத்தே ஒரு மறுப்பு உண்டு. இயல்பிலேயே கருநிறத் தோல் உள்ளவர்களிடம் அந்தக் கறுப்பு எளிதில் கண்ணில் படாது. குறைந்த சோடியமும் கூடிய பொட்டாசியமும்தான் அங்கே முதலில் எச்சரிக்கும். ஆகவே அடிப்படை ரத்தப் பரிசோதனைகளை முதல் நாளே செய்தாக வேண்டும். 60 வயதைக் கடந்து, முயலாமலே எடை குறைந்துகொண்டிருப்பவருக்கு ஸ்கேனைத் தள்ளிப்போடுவதையும் என்னால் இப்போதும் ஏற்க முடியவில்லை.

இளவேனில்:
முதலாவதில் நமக்குள் வேறுபாடே இல்லை. இரண்டாவதில், மார்பு எக்ஸ்ரே, தைராய்டு, சர்க்கரை, மருந்துப் பட்டியல் ஆகியவற்றை அதே வாரத்தில் பார்த்துவிட்டு, விடை கிடைக்காவிட்டால் ஸ்கேனுக்கு அனுப்புவேன். அதுவரை அந்த நோயாளியை மறுபடி வரச் சொல்லாமல் விடமாட்டேன்.