வெண்ணிற உடுப்பில் இருக்கும் இந்தப் பேண்டு வாத்தியக் குழு எந்தப் படையைச் சேர்ந்தது?

கேள்வி (கோபிசெட்டிபாளையத்திலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். என் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) தகரப் பெட்டியில் அஞ்சலட்டை அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்திருக்கிறது. பதினான்கு பேர் இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். பெரும்பாலானோர் வெள்ளையர். எல்லோரும் வெண்ணிற அரைக்கால் சட்டையும், மேற்புறம் தட்டையான வட்ட வெள்ளைத் தொப்பியும் அணிந்திருக்கிறார்கள். கார்னெட், டிராம்போன், சைடு டிரம், பெரிய டிரம் ஆகியவை தெரிகின்றன. தொப்பியைச் சுற்றிய கறுப்பு நாடாவில் "2 எம் எச்" என்பது போல ஏதோ மங்கலாக உள்ளது. வலது ஓரத்தில் தொப்பி இல்லாமல் காக்கிச் சட்டையுடன் நிற்பவரே அப்புச்சி. படத்தின் பின்புறம் கோயமுத்தூர் ஸ்டூடியோ ஒன்றின் முத்திரை இருக்கிறது, பெயர் அழிந்துவிட்டது. "போர்க்காலம் முழுவதும் பீளமேட்டில் பட்டாள வேலை பார்த்தார்" என்பதற்கு மேல் அம்மாவுக்கும் எதுவும் தெரியாது. இது எந்த ரெஜிமென்ட் என்று கண்டறிய வழி உண்டா?

மறுமொழி 1 (மதுக்கரையிலிருந்து)

கோவைப் பக்கம் போர்க்காலப் பட்டாளம் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது எங்கள் ஊர்தான். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் 1947-இல் நீலகிரியிலுள்ள வெலிங்டனுக்கு இடம் மாறும் வரை மதுக்கரையில்தான் இருந்தது. ஆனால் அங்கிருந்தவர்கள் காக்கி உடுத்தியவர்கள். வெண்ணிற உடுப்பும் நாடா கட்டிய தொப்பியும் அவர்களுக்குப் பொருந்தவில்லை. "எம் எச்" என்பது இராணுவ மருத்துவமனையைக் குறிக்கும் சுருக்கமும் ஆகும். எதற்கும் தொப்பியிலோ டிரம்மிலோ மகுடச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். 1950 சனவரி 26-க்குப் பிறகு இந்தியப் படைச் சின்னங்களில் மகுடம் நீக்கப்பட்டு அசோகரின் சிங்கங்கள் இடம்பெற்றன.

மறுமொழி 2 (ஈரோட்டிலிருந்து)

எழுத்துகளைப் படிப்பதற்கு முன், படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பேண்டுப் படங்களில் பலர் தடுமாறுவது இங்கேதான். நெகட்டிவைத் தவறான பக்கமாக வைத்து அச்சிட்டால் படம் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பிவிடும். முகங்களைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க இயலாது, ஆனால் வாத்தியங்கள் காட்டிக் கொடுத்துவிடும். டிராம்போனை இடக்கையால் தாங்கி, சறுக்குக் குழாயை வலக்கையால் இழுத்துத் தள்ளுவார்கள். கார்னெட்டின் வால்வுகளை அழுத்துவதும் வலக்கை விரல்களே. பிரித்தானிய முறையில் சைடு டிரம்மின் வார் வலத் தோளிலிருந்து இறங்கி, டிரம் இடது தொடையில் சாய்ந்திருக்கும். (பிரெஞ்சு ஹார்ன் மட்டும் விதிவிலக்கு, அதன் வால்வுகளுக்கு இடக்கை. ஆகவே அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.) உங்கள் அப்புச்சியின் சட்டையையும் பாருங்கள். ஆண்கள் சட்டையில் பொத்தான்கள் அணிந்திருப்பவரின் வலப்பக்கத்திலும், ஒற்றைப் பை இருந்தால் அது இடது மார்பிலும் இருக்கும்.

படத்தைக் குறைந்தது 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். அட்டையில் ஒட்டியிருந்தால் பிரித்தெடுக்கவும் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. டிரம் வலது தொடையில் இருக்கிறது, டிராம்போன்காரர் சறுக்குக் குழாயை இடக்கையால் பிடித்திருக்கிறார், அப்புச்சியின் சட்டைப் பையும் வலது மார்பில்தான் தெரிகிறது. கணினியில் படத்தை இடவலமாகத் திருப்பியதும் நாடாவில் இருப்பது எச், எம், எஸ் என்று தெளிவாகவே படிக்க முடிந்தது. எழுத்துகளின் நடுவில் சிறு புள்ளிகள் இருக்கின்றன, வேறு பெயர் எதுவும் இல்லை. ஆனால் அது கப்பலின் பெயருக்கு முன்னால் போடுவது அல்லவா? கடலே இல்லாத கோவையில் கப்பற்படை எப்படி வந்தது?

மறுமொழி 3 (சூலூரிலிருந்து)

வந்தது, அம்மா. பிரித்தானியக் கடற்படை தன் கரைத்தளங்களுக்கும் கப்பலைப் போலவே பெயர் சூட்டும். அதன் விமானங்களைப் பழுது பார்ப்பதற்காக 1942 முதல் 1946 வரை கோவையில் இயங்கிய பணிமனையின் பெயர் எச்.எம்.எஸ். கருடா. சூலூரில் இப்போது விமானப்படைத் தளம் இருக்கும் இடத்தில் 1945-இல் எச்.எம்.எஸ். வைரி என்ற மற்றொரு தளம் தொடங்கியது. எங்கள் ஊரிலேயே இதைச் சொன்னால் நம்பாதவர்கள் உண்டு.

எச்சும் எம்மும் இடவலம் மாறினாலும் உருவம் மாறாதவை. எஸ் மட்டும் திரும்பி 2 போல நின்று உங்களைக் குழப்பியிருக்கிறது. நாடாவில் பெயர் இல்லாததும் நல்ல தடயமே. அமைதிக் காலத்தில் மாலுமியின் தொப்பி நாடாவில் அவருடைய கப்பலின் பெயர் முழுவதும் இருக்கும். இரண்டாம் உலகப் போரில், எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்பது பகைவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, அந்த மூன்று எழுத்துகளோடு நிறுத்திக்கொண்டார்கள். ராயல் இந்தியக் கடற்படையாக இருந்தால் எம்முக்கும் எஸ்ஸுக்கும் இடையே ஐ என்ற எழுத்தும் இருந்திருக்கும்.

இன்னொன்று: பிரித்தானியக் கடற்படையின் முறையான பேண்டுகள் ராயல் மரீன் பிரிவைச் சேர்ந்தவை. அவர்கள் முன்விளிம்பு உள்ள தொப்பியோ வெள்ளை ஹெல்மெட்டோ அணிவார்களே தவிர, நாடா கட்டிய வட்டத் தொப்பி அணிவதில்லை. ஆகவே உங்கள் படத்தில் இருப்பவர்கள் வேலை நேரம் போக மற்ற நேரத்தில் கூடி வாசித்த மாலுமிகளாகவே இருக்க வேண்டும்.

மறுமொழி 2 (மீண்டும் ஈரோட்டிலிருந்து)

முந்தைய மறுமொழியை ஏற்கிறேன். ஆனால் ஸ்டூடியோ முத்திரை, படி அச்சிடப்பட்ட இடத்தைத்தான் காட்டும். படம் எடுத்த இடத்தை அது உறுதி செய்யாது. இங்கே கோவையை நோக்கி வலுவாகக் கைகாட்டுவது, அவ்வூரின் ஒரு பகுதியான பீளமேட்டில் அப்புச்சி பார்த்த வேலைதான். நாடாத் தொப்பியும் வெண்ணிற உடுப்பும் இல்லாமல் ஓரத்தில் நிற்பதால், அவரைப் பேண்டுக்காரராகவோ மாலுமியாகவோ கொள்வதைவிட, பணிமனையில் வேலை செய்த உள்ளூர்க்காரராகக் கொள்வதே பொருத்தம். எனவே தரைப்படை ஆவணங்களில் அவர் பெயரைத் தேட வேண்டாம். இங்கிலாந்தில் யோவில்டனில் உள்ள கடற்படை விமானப் பிரிவு அருங்காட்சியகத்துக்குத் திருப்பிய ஸ்கேனை அனுப்பி, கருடா தளத்தின் படங்களோடு ஒப்பிட முடியுமா என்று கேளுங்கள். பெரிய டிரம்மின் உடலில் எழுத்தோ சின்னமோ இருந்தால் அந்தப் பகுதியைத் தனியாகப் பெரிதாக்கி இணையுங்கள். தளத்தின் பெயர் எங்கேனும் எழுதப்பட்டிருக்குமானால் அங்கேதான் இருக்கும்.