திருப்பூர் வந்தவர்கள் ஏன் ஊர் திரும்புவதில்லை? குடும்பத்தைக் கூட்டி வரலாமா?

கேள்வி: பேட்லாக் தம்பி

சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் பேட்லாக் (மடிப்புத் தைக்கும் மிஷின்) டெய்லராக இருக்கிறேன், பீஸ் ரேட், அதாவது தைக்கிற எண்ணிக்கைக்குக் கூலி. அனுப்பர்பாளையத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு ரூம். மனைவியும் மூன்று வயதுப் பையனும் ஊரில் அம்மா அப்பாவோடு இருக்கிறார்கள்.

"ரெண்டு வருஷம் சம்பாதிச்சிட்டு வந்து உசிலம்பட்டியிலேயே ஒரு கடையைப் போடு" என்பது அப்பாவின் கணக்கு. நானும் அந்த எண்ணத்தில்தான் பஸ் ஏறினேன். ஆனால் எங்கள் செக்‌ஷனில் யாரை விசாரித்தாலும் இதே கணக்கோடு வந்தவர்கள்தான். கட்டிங் மாஸ்டருக்குத் திருமங்கலம். அயர்ன் மாஸ்டருக்குச் சங்கரன்கோவில். பேக்கிங்கில் இருக்கும் அண்ணன் வருஷா வருஷம் "வர்ற தையோட கிளம்பிடுவேன்" என்பார். திருமுருகன்பூண்டியில் இடம் வாங்கி, வீடு கட்டி, பால் காய்ச்சிக் குடியும் போய்விட்டார். இன்னும் கிளம்பப் போவதாகத்தான் சொல்கிறார்.

சம்பளத்துக்காக வருவது புரிகிறது. இந்தத் தண்ணீரையும் நெரிசலையும் வைத்துக்கொண்டு எப்படித் தங்கிப்போகிறார்கள் என்பதுதான் புரியவில்லை. ஜூனில் பையனை எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும், அதற்குள் ஒரு முடிவு சொல்லுங்கள் என்கிறாள் மனைவி. அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில்: நொய்யல்கரை

எனக்கு இதே ஊருங்க. எங்க தாத்தா காலத்தில் பஞ்சும் ஜின்னிங் பேக்டரியும்தான் பேச்சு. அப்புறம் உள்நாட்டுப் பனியன், எண்பதுகளில் எக்ஸ்போர்ட். எக்ஸ்போர்ட் சூடு பிடித்த பிறகுதான் தெற்கத்தி ஆட்கள் பஸ் பஸ்ஸாக வந்தது.

எங்க லைனில், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய வாடகை வீடுகளில், ஆறு குடித்தனம், ஒன்றுகூட உள்ளூர் இல்லை. தீபாவளிக்குப் போனஸ் வாங்கிக்கொண்டு கோவில்வழி பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் ஏறிவிட்டால் ஊரே வெறிச்சென்று ஆகிவிடும். டீ குடிக்கக் கடை தேட வேண்டியிருக்கும். திரும்பி வரும்போது கூடவே ஒரு மச்சானோ சித்தப்பா பையனோ வருவான். இப்படியே ஒருத்தரைப் பிடித்து ஒருத்தர் வந்ததுதான் பாதித் திருப்பூர். 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகளை மூடியபோது எங்க லைனில் நாலு வீட்டுக்குப் பூட்டு. சரி, இத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். சாயக் கழிவுநீரை வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் முறையைச் சரிபண்ணி பட்டறைகள் ஓட ஆரம்பித்ததும் பூட்டும் திறந்தது.

கூட்டிட்டு வாங்க, ஒண்ணும் ஆகாது.

பதில்: ஆண்டிபட்டிக்காரி

தம்பி, நீங்கள் ஆம்பளைகளை மட்டும் விசாரித்திருக்கிறீர்கள். செக்கிங் டேபிளில் போய்க் கேட்டுப் பாருங்கள். நான் பார்த்தவரை திருப்பூருக்கு வருவது வீட்டுக்காரர் முடிவு, தங்குவது வீட்டுக்காரி முடிவு.

ஊரில் எனக்குத் தெரிந்த வேலை மல்லிகைப்பூ எடுப்பது. இருட்டோடு எழுந்து போய் மொட்டாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். எடைக்குக் கூலி. பனி விழுந்துவிட்டால் செடியில் ஒன்றும் இருக்காது, அந்த மாசங்களில் வீட்டில் சும்மா. கிடைக்கிற கூலியும் மாமியார் கைக்குப் போய்விடும். எங்க வீட்டுக்காரர் முன்னாடியே வந்து ஓவர்லாக் மிஷினில் தைக்கப் பழகி, அப்புறம் எங்களைக் கூட்டி வந்தார். 15 வேலம்பாளையத்தில் லைன் வீடு. ஒரே அறை, மேலே ஷீட், ஆறு குடித்தனத்துக்கு இரண்டு கக்கூஸ். போர்த் தண்ணீர் ஒரே உப்பு. குடத்தில் வெள்ளையாகப் படியும், பருப்பு வேகாது, தலைமுடி சடையாகப் போகும். நல்ல தண்ணீர் எப்போது வரும் என்று பார்த்து உட்கார்ந்திருப்போம். எங்கேயடா கொண்டு வந்து தள்ளினான் என்று அழுதிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி செக்கிங்குக்குக் கூட்டிப் போனாள். கேட்டில் "டெய்லர், செக்கிங் பெண்கள் தேவை" என்று தட்டி தொங்கியது. படிப்பு கேட்கவில்லை, சிபாரிசு கேட்கவில்லை. காலையில் போனேன், அன்றைக்கே டேபிளில் நிற்க வைத்தார்கள். டியூப் லைட்டுக்குக் கீழே டி-ஷர்ட்டை விரித்து, காலர், தோள், பக்கத் தையல், கைமடிப்பு, அடிமடிப்பு என்று வரிசை மாறாமல் விரலை ஓட்ட வேண்டும். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் இருந்தால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிட வேண்டும். அலசியும் போகாத கறை என்றால் அந்தப் பீஸ் செகண்ட்ஸ், மலிவாக விற்கிற காதர்பேட்டைக் கடைகளுக்குப் போகும். சனிக்கிழமை சாயந்திரம் என் பேர் எழுதிய கவரில் சம்பளம். அந்த வாரமே அதே அக்காவிடம் ஒரு சீட்டுச் சேர்ந்துவிட்டேன், வீட்டுக்காரருக்கு அப்புறம்தான் சொன்னேன்.

இன்னொன்று, இங்கே வயசு ஒரு பொருட்டே இல்லை. பதினெட்டு வயசுப் பெண்ணும் வேலைக்கு வரும், பேரன் எடுத்த கிழவியும் உட்கார்ந்து நூல் வெட்டும். எங்க மாமனாரே கடைசிக் காலத்தில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தார், அவர் டீக்காசுக்கு யாரிடமும் கை நீட்டவில்லை. சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி கத்தினால் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அடுத்த தெருக் கம்பெனிக்குப் போய்விடலாம். நானே போயிருக்கிறேன். ஓரிடத்தில் பி.எஃப். என்று பிடித்துக்கொண்டு கட்டாமலே விட்டார்கள், தெரிந்த அன்றைக்கே கிளம்பிவிட்டேன். போன காசு போனதுதான்.

ஊர் சொர்க்கம் என்று நினைத்து வராதீர்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்து எட்டரை மணிக்கு வந்தால் கால் இரண்டும் கனக்கும். வாடகைக்கு வீடு கேட்கப் போனால் வாசலிலேயே "நீங்க என்ன ஆளுங்க?" என்பார்கள். எங்களுக்கு இரண்டு வீடு அந்தக் கேள்வியோடு போயிற்று. வேலைக்குக் கேட்காத கேள்வியை வீட்டுக்குக் கேட்பார்கள்.

பிள்ளைகள் சங்கதிதான் கடைசியில் ஆளைக் கட்டிப்போடும். மகள் அஞ்சாவது முடிக்கட்டும், போய்விடலாம் என்றோம். அப்புறம் பத்தாவது. அப்புறம் பிளஸ் டூ. இப்போது பி.காம். முடித்து ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசில் மெர்ச்சண்டைசிங்கில், ஆர்டர்களைக் கவனிக்கிற வேலையில், இருக்கிறாள். ஆண்டிபட்டிக்குப் போனால் மூன்றாம் நாளே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

நிஜமாகவே எனக்கு விளங்கியது 2020 ஊரடங்கில்தான். இ-பாஸ் வாங்கி ஊருக்குப் போய் அண்ணன் வீட்டில் இருந்தோம். முதல் வாரம் கோழிக் குழம்பு. போகப் போக அண்ணி அரிசி அளக்கும்போது ஒரு நிமிஷம் படியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். வாயைத் திறந்து ஒன்றும் சொன்னதில்லை, பாவம், அவளுக்கும் கஷ்டம். எங்களுக்கென்று அங்கே நிலமும் இல்லை, வேலையும் இல்லை. கம்பெனியிலிருந்து போன் வந்ததும் பெட்டி கட்டியது வீட்டுக்காரர் இல்லை, நான்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டபோதும் எங்கள் கம்பெனியில் ஓவர்டைம் நின்றது, சில தையல் வரிசைகளில் மிஷின் சும்மா கிடந்தது. இந்தத் தடவை எங்கள் தெருவில் யாரும் பஸ் ஏறவில்லை. சிலர் உள்நாட்டு ஜட்டி பனியன் தைக்கும் இடங்களுக்கு மாறிக்கொண்டார்கள், மிச்சப் பேர் வருவதை வைத்து ஓட்டினோம்.

பதில்: வேடசந்தூர் ரிட்டன்

அக்கா சொல்வது சரிதான், ஆனால் தங்கிவிட்டவர்களிடமே கேட்டால் தங்கிய கதைதான் வரும். திரும்பிப் போனவன் உங்கள் பேக்கிங் செக்‌ஷனில் இருக்க மாட்டானே!

நான் சாயப்பட்டறையில் இருந்தேன். 2011 மூடலில் ஊருக்கு வந்தவன் அப்படியே இருந்துவிட்டேன். வேடசந்தூரைச் சுற்றி நூல் மில்கள் இருக்கின்றன, ஒன்றில் சேர்ந்தேன். கிணற்றோடு கொஞ்சம் நிலம் இருக்கிறது, இரண்டு மாடு. திருப்பூரில் வாங்கியதைவிடக் கையில் வருவது குறைவு. வாடகை கிடையாது, அதனால் சமாளிக்க முடிகிறது. நிலமோ பக்கத்தில் மில்லோ இல்லாமல் இருந்திருந்தால் நானும் பல்லடம் ரோட்டில் ஏதாவது லைன் வீட்டில்தான் இருப்பேன். தம்பி, உசிலம்பட்டியில் கடை போடக் கையில் எவ்வளவு இருக்கிறது, அந்தக் கடை என்ன கடை என்று முதலில் அப்பாவிடம் கேளுங்கள். பெயர் தெரியாத கடையை நம்பி ஊர் திரும்ப முடியாது.

பேட்லாக் தம்பி

என்ன கடை என்று அப்பாவுக்கே தெரியாது அண்ணே, "ஏதாவது" என்பார். அக்கா, மனைவிக்கும் வேலைக்குப் போக ஆசை இருக்கிறது. பையனை யார் பார்த்துக்கொள்வது? வாடகை இப்போது எப்படி?

பதில்: ஆண்டிபட்டிக்காரி

எடுத்த எடுப்பில் ஒன்றரை ஷிப்டுக்கு அனுப்பாதீர்கள். பையன் பள்ளிக்கூடம் போய்ப் பழகும்வரை ஒரு ஷிப்ட் போதும் என்று சொல்லிச் சேரட்டும், வீட்டுக்குப் பக்கத்துக் கம்பெனியாகப் பார்க்கட்டும். பெரிய கம்பெனி சிலதில் குழந்தை பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். சாயந்திரம் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு உங்கள் அம்மாவை ஆறு மாசம் வரச் சொல்லுங்கள். நிறையப் பேர் அப்படித்தான் சமாளித்தோம்.

அறையும் அடுப்படியும் இருக்கிற லைன் வீடு எங்கள் பக்கம் ஐயாயிரத்தை ஒட்டிப் போகிறது, அட்வான்ஸ் தனி. வீட்டு ஓனரிடம் பேசும் முன் பக்கத்துக் குடித்தனத்திடம் நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை, கரண்டுக்கு யூனிட் என்ன ரேட் போடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டு ஊரில் இருந்தாலும் இங்கே கைரேகை வைத்து அரிசி வாங்கலாம், அதற்காக அலைய வேண்டாம். ஏப்ரலில் மனைவியையும் பையனையும் ஒரு பத்து நாள் கூட்டி வந்து காட்டுங்கள், வெயிலும் தண்ணிக் கஷ்டமும் அப்போதுதான் நன்றாகத் தெரியும். எங்கள் தெருவில் ஒரு வீடு மாசக் கடைசியில் காலியாகிறது. வேண்டுமென்றால் சொல்லுங்கள், பேசி வைக்கிறேன்.