ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் தங்கை: 30 கிலோவில் எதை வைப்பது, எதை விடுவது?

உறையூர்வாசி:
தங்கைக்கு ஜெர்மனியில் முதுகலை இடம் கிடைத்திருக்கிறது, அக்டோபரில் வகுப்பு. ஏபிஎஸ் சான்றிதழ் (நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது), விசா, ப்ளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற கணக்கு) 11,904 யூரோ எல்லாம் முடிந்தது. செக்-இன் 30 கிலோ. அம்மா நெய், பால்கோவா, கருவாடு, குக்கர், மிக்ஸி என்று அடுக்கிக்கொண்டே போகிறார். எதைக் கழிக்கலாம்? கையில் எவ்வளவு பணம் வேண்டும்?

கொல்லிமலை:
நெய், பால்கோவா, பால் பவுடர், கறி ஊறுகாய் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுபோகத் தடை. சுங்கத்தில் சிக்கினால் குப்பைக்குத்தான். பச்சைக் கறிவேப்பிலைக்கும் அதே கதி, பொடியாக அரைத்துக் கொடுங்கள். அம்மாவுக்கு ஒரு நல்ல சேதி: கருவாட்டுக்குத் தடை இல்லை. மூன்று உறை போட்டு இறுக்கமான டப்பாவில் அடையுங்கள், வாடை துணியில் ஏறினால் லேசில் போகாது. அரிசி, பருப்பு, புளி அங்கே ஆசியக் கடைகளிலேயே கிடைக்கும். அதற்கு எடையை வீணாக்காதீர்கள்.

குக்கர் வாங்கும்போது அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது. சாதாரண அலுமினியக் குக்கர் தோற்பது அங்கேதான். 3 லிட்டர் போதும். கூடவே இரண்டு காஸ்கெட், ஒரு சேஃப்டி வால்வு. பொடி பாக்கெட்டுகளைக் குக்கருக்குள்ளேயே திணித்தால் இடம் மிச்சம்.

மிக்ஸி ஓடும், அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். நம் மூன்று முள் பிளக்தான் நுழையாது. 10 ஆம்பியர் தாங்கும் அடாப்டர் ஒன்று வேண்டும். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும்.

எட்டுமணிபஸ்:
பணத்தில்தான் பலரும் கணக்குத் தப்புகிறார்கள். ப்ளாக்டு அக்கவுண்ட் பணம், அவர் போய் இறங்கிய அன்றே கைக்கு வராது. அங்கே நடப்புக் கணக்கு தொடங்கி, அந்த எண்ணைக் கொடுத்த பிறகுதான் மாதம் 992 யூரோ வரத் தொடங்கும். அதற்கு இரண்டு, மூன்று வாரம்கூட ஆகலாம். அறை வாடகை 400 என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாத முன்பணமும் முதல் வாடகையும் சேர்ந்து 1,200 அங்கேயே போய்விடும். சாப்பாடு, பஸ், செமஸ்டர் கட்டணம் தனி. 2,000 யூரோ ஃபாரெக்ஸ் கார்டிலும் (வெளிநாட்டுப் பணம் ஏற்றும் கார்டு) 300 யூரோ ரொக்கமாகவும் இருந்தால் திணறாது.

மாணவர் மருத்துவக் காப்பீடு செமஸ்டர் தொடங்கும்போதுதான் ஆரம்பிக்கும் என்றால், அதற்கு முந்தைய நாள்களுக்குப் பயணக் காப்பீடு இருக்கிறதா என்று தேதியைப் பாருங்கள். அப்புறம், அவருடைய இந்திய சிம்மில் ரோமிங் போட்டுவிட்டு அனுப்புங்கள், வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

தபால்பெட்டி:
குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவு, அதாவது அன்மெல்டுங், செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடிவந்த சான்று தேவை. தற்காலிகத் தங்குமிடங்கள் பல இதைத் தருவதில்லை. முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். அப்பாயிண்ட்மெண்டை இங்கிருந்தே போட்டுவிடுவது நல்லது, பெரிய நகரங்களில் சீக்கிரம் கிடைக்காது.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரியது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் காலியாக இருக்கும், இல்லாவிட்டால் அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். எல்லா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளே இருக்கட்டும். ஓரிடத்தில் இனிஷியல், இன்னோரிடத்தில் விரித்து என்று வேண்டாம். வீட்டுக் கடிதப் பெட்டியிலும் அதே பெயரை ஒட்டச் சொல்லுங்கள். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் போடாமல் திருப்பி அனுப்பிவிடுவார். ஏடிஎம் கார்டு ஒரு கடிதத்தில், பின் எண் வேறொரு கடிதத்தில் வரும். ஒன்று திரும்பினாலும் மறுபடி முதலிலிருந்து.

பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஏபிஎஸ், சேர்க்கைக் கடிதம் எல்லாம் கைப்பையில்.

உறையூர்வாசி:
நன்றி. டிக்கெட் அக்டோபர் 2 இரவு போய் இறங்குகிற மாதிரி போடலாமா?

தபால்பெட்டி:
வேண்டாம். அக்டோபர் 3 அங்கே தேசிய விடுமுறை. ஞாயிற்றுக்கிழமையும் கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களில் உள்ளவை போன்ற சில மட்டும் திறந்திருக்கும். செப்டம்பர் கடைசியில், வாரநாள் காலையில் இறங்குகிற மாதிரி பாருங்கள். விடுதிச் சாவி வாங்கும் அலுவலகமும் அப்போதுதான் திறந்திருக்கும்.