கொறடாவும் குறடும்

கவிதா: பெரியப்பா, குரூப் 2க்குப் படிச்சிட்டிருக்கேன். சட்டசபைல 'கொறடா'ங்கறாங்களே, அது குறடுல இருந்து வந்ததா?

செந்தில்: ஆமா, எம்.எல்.ஏ.க்களை இடுக்கிப் பிடிக்கிறதால 😂

பெரியப்பா: டேய் சும்மா இரு. கொறடான்னா சாட்டைம்மா. தெலுங்கில் கொரடா, மராத்தியில் கோரடா, இந்தியில் கோடா. இங்கிலீஷ்ல விப்.

கவிதா: சட்டசபைல சாட்டை எதுக்கு?

பெரியப்பா: இங்கிலாந்து நரி வேட்டைல இருந்து வந்த பேரு. வேட்டை நாய்க்கூட்டத்தோட ஒருத்தன் சாட்டையோட குதிரைல போவான். கூட்டத்தை விட்டு ஓடுற நாயைச் சொடுக்கித் திருப்பிக் கொண்டாந்து சேர்க்கணும். அவனுக்கு 'விப்பர்-இன்'னு பேரு. 18ஆம் நூற்றாண்டுலயே பார்லிமென்ட்ல ஓட்டுக்கு ஆள் திரட்டுறவங்களையும் அப்படிச் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க.

வசந்தா சித்தி: அப்போ எம்.பி.ங்க எல்லாம் நாயா மாமா?!

பெரியப்பா: நான் சொல்லலைம்மா, வெள்ளைக்காரன் சொன்னது. அவங்க ஊர்ல அந்த ஆளுக்கும் விப்னுதான் பேரு, அவர் அனுப்புற ஓலைக்கும் விப்னுதான் பேரு. ஓலைல அடிக்கோடு பார்க்கணும். ஒரு கோடுன்னா முடிஞ்சா வா. ரெண்டுன்னா வந்துடு. மூணு கோடுன்னா காய்ச்சல்ல கிடந்தாலும் வந்து, கட்சி சொன்ன பக்கம் ஓட்டுப் போடணும்.

கவிதா: மீறினா பதவி போயிடுமா?

பெரியப்பா: அங்க கட்சியை விட்டு ஒதுக்குவாங்க, சீட்டு போகாது. இங்க போகும். 1985ல அரசியலமைப்போட 52ஆவது திருத்தம், பத்தாவது அட்டவணை. அதுதான் கட்சித் தாவல் தடைச் சட்டம், கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலும் அதுல மாட்டுவாங்க. 15 நாளுக்குள்ள கட்சி மன்னிச்சா தப்பிக்கலாம். 1967ல ஹரியானால கயா லால்னு ஒரு எம்.எல்.ஏ. ரெண்டே வாரத்துல மூணு தடவை கட்சி மாறினார். கட்சி தாவறவங்களைக் கிண்டல் பண்ற 'ஆயா ராம் கயா ராம்' அங்க பிறந்ததுதான்.

செந்தில்: 2017ல நம்ம ஊர்ல 18 அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் பதவி போனது கொறடா உத்தரவை மீறித்தானே?

பெரியப்பா: இல்லடா, நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க. அதுல ஓட்டெடுப்பே நடக்கலை. முதல்வர் மேல நம்பிக்கை இல்லைன்னு கவர்னர்கிட்ட கடிதம் கொடுத்தாங்க. தானாவே கட்சியை விட்டுட்டதா அர்த்தம்னு சபாநாயகர் செப்டம்பர்ல தகுதிநீக்கம் பண்ணினார். புகார் கொடுத்தவர்தான் அரசு தலைமைக் கொறடா. ஆனா அதே வருஷம் பிப்ரவரில நம்பிக்கை ஓட்டெடுப்புல எதிர்த்தே ஓட்டுப் போட்ட அதே கட்சிக்காரங்க 11 பேர் பதவி போகலை. சாட்டை கொறடா கையில, அடி யாருக்குங்கறது சபாநாயகர் கையில. எனக்கு இதுதான் பிடிக்கலை.

கவிதா: ஜனாதிபதி தேர்தலுக்கும் உத்தரவு உண்டா?

பெரியப்பா: கிடையாது, அது ரகசிய ஓட்டு. 91ஆவது திருத்தத்தையும் குறிச்சுக்கோ, 2003. முன்னாடி மூணுல ஒரு பங்கு பேர் பிரிஞ்சா பதவி தப்பும், அதை எடுத்துட்டாங்க. இப்போ மூணுல ரெண்டு பங்கு பேர் சேர்ந்து வேற கட்சியோட இணையணும்.

செந்தில்: அப்போ மொத்தமாத் தாவினா தாவல் இல்லையா 😂

கவிதா: மூணுல ரெண்டுங்கறது கட்சிக்காரங்க மொத்தத்துலயா பெரியப்பா?

பெரியப்பா: இல்லம்மா, சபைல இருக்கிற அந்தக் கட்சி உறுப்பினர்கள்ல. மீதி ராத்திரி போன்ல கேளு, டைப் பண்ணி விரல் வலிக்குது.