புதுப்பிப்பு: சதுப்புத் தடத்தில் இரண்டாம் முயற்சி

மழை நாளில் மேட்டுச் சதுப்புநிலத் தடத்தில் மலைச் சைக்கிள் ஓட்டப்போய், முன்சக்கரம் புதைந்து தலைகுப்புற விழுந்ததை முன்பு எழுதியிருந்தேன். டயரில் காற்றைக் குறைக்கும்படி பலர் சொன்னீர்கள். குறைத்தேன், 28 பிஎஸ்ஐயிலிருந்து 22. ஈரக் கல்லிலும் வேரிலும் பிடிப்பு நன்றாகவே கூடியது. ஆனால் சேற்றுக்குழி அதற்கெல்லாம் மசியவில்லை.

என் தவறு வேறு இடத்தில் இருந்தது. பச்சைப் பசேலென்ற பாசிப் பரப்பை உறுதியான தரை என்று நம்பியிருந்தேன். அந்தப் பாசி தன் உலர் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். அடியில் இருப்பது கரிமண், அதாவது அரைகுறையாக மட்கிய செடிகள் சேர்ந்த ஈர மண். வெள்ளைப் பஞ்சுத் தலையோடு புல் ஆடும் இடமும் அப்படியே, அழகான எச்சரிக்கைப் பலகை. இந்த முறை அவற்றைக் கண்டதும் இறங்கித் தள்ளினேன். மானம் போனாலும் பல் மிஞ்சியது.

ஓட்டக்கூடிய சேற்றில் உடலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, இலேசான கியரில் நிற்காமல் மிதித்தேன். முன்பிரேக்கைத் தொடவே இல்லை.

ஓரமாகச் சுற்றிப் போகலாம் என்ற யோசனையை மட்டும் ஏற்கவில்லை. ஒவ்வொருவரும் விலகினால் தடம் அகன்றுகொண்டே போகும்; மிதிபட்டுச் சிதைந்த கரிமண் எளிதில் மீளாது, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் சேர்கிறது.

பின்பிரேக் பேட் தேய்ந்துவிட்டது. அடுத்து அதை மாற்ற வேண்டும்.